உயரத்தைக் கேட்டால் உயரம்தான் கிடைக்கும்

விமானப் பராமரிப்புக் கூடத்தில் முப்பத்தோர் ஆண்டுகள் மின்னணுக் கருவிகளோடு மல்லுக்கட்டி ஓய்வுபெற்ற பொறியாளர், வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் பகுதி.

கேள்வி: விமானத்தைக் கணினியே ஓட்டுகிறது, அது தவறு செய்யாது என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறான். ஆனால் ஆட்டோபைலட் இயங்கிக்கொண்டிருந்தபோதே வேகம் குறைந்து விழுந்த விமானங்களைப் பற்றிப் படித்தேன். வேகம் குறைவது கணினிக்குத் தெரியாதா, ஐயா?
– இயற்பியல் மாணவி ஒருவர்

பதில்: தெரியும் அம்மா, நன்றாகவே தெரியும். வேகத்தைப் பார்த்துக்கொள் என்று அதனிடம் யாராவது சொல்லியிருந்தார்களா என்பதுதான் விஷயம்.

ஆட்டோபைலட்டால் செய்ய முடிந்தது கொஞ்சம்தான். மூக்கை உயர்த்தும், தாழ்த்தும், இறக்கையை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்க்கும். என்ஜின் விசை அதன் பொறுப்பில் இல்லை. அதற்கு ஆட்டோ த்ராட்டில் என்று தனியாக ஒரு கருவி உண்டு. அது சில விமானங்களில் கிடையவே கிடையாது. இருக்கும் விமானங்களிலும் இரண்டையும் தனித்தனியாக அணைக்கலாம். ஒரே வீட்டில் இரண்டு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘அதை அவன் பார்த்துக்கொள்வான்’ என்று இருவரும் நினைத்துவிட்டால் வேலை அப்படியே கிடக்கும்.

ஒருமுறை பயிற்சி சிமுலேட்டரில் ஒரு பழுதைச் சரிசெய்யப் போயிருந்தேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பயிற்றுநர் என்னை வலப்பக்க இருக்கையில் உட்காரவைத்து, “ஒன்று காட்டுகிறேன், எதையும் தொடாதீர்கள்” என்றார். அது போயிங் 737-இன் சிமுலேட்டர். உயரம் 5,000 அடி, வேகம் 210 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.), ஆட்டோபைலட்டுக்கு இட்ட கட்டளை உயரத்தைப் பிடி என்பது. ஆட்டோ த்ராட்டிலை அணைத்தார், விசைப்பிடிகளைக் கடைசிவரை பின்னால் இழுத்தார், கையைக் கட்டிக்கொண்டார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. வேகம் மட்டும் நொடிக்கு ஏறக்குறைய ஒரு நாட் வீதம் கரைந்துகொண்டிருந்தது. வேகம் குறைந்தால் இறக்கையின் தூக்குவிசை குறையும், விமானம் தாழப் பார்க்கும். தாழவிடக் கூடாது என்பது கட்டளை. எனவே ஆட்டோபைலட் மூக்கைக் கொஞ்சம் உயர்த்தியது. மூக்கு உயர்ந்ததால் காற்றின் தடை கூடி வேகம் இன்னும் குறைந்தது. மறுபடி மூக்கு உயர்ந்தது. இருக்கைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடு போட்ட டிரிம் சக்கரம் கடகடவென்று கொஞ்சம் சுற்றும், நிற்கும், மறுபடி சுற்றும். உயரமானியில் 5,000 என்ற எண் இம்மிகூட அசையவில்லை. “எவ்வளவு பொறுப்பாக வேலை செய்கிறது பாருங்கள்” என்றார் பயிற்றுநர். அவர் சொல்லி முடிக்கவும், தூக்குவிசை சரியப்போகிறது என்று தண்டை உதறி எச்சரிக்கும் ஸ்டிக் ஷேக்கர் அடிக்கவும் சரியாக இருந்தது. கட்டுப்பாட்டுத் தண்டு கைகால் வலிப்பு வந்ததுபோல் உதறியது. அப்போதும் 5,000 அடிதான்.

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. மூக்கு ஒன்றுதான். அதைக்கொண்டு உயரத்தைப் பிடித்தால், வேகத்தைப் பிடிக்க என்ஜின் விசை வர வேண்டும். மூக்கைக்கொண்டே வேகத்தைப் பிடித்தால் உயரத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். உயரத்தைக் கேட்டவருக்கு ஆட்டோபைலட் உயரத்தைத் தருகிறது, கடைசி நொடிவரை.

2009 பிப்ரவரி 25 அன்று ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் துருக்கி விமானம் ஒன்றுக்கு நடந்ததும் இதுதான். அதுவும் 737. தரையிறங்க வரும்போது தரையிலிருந்து உயரத்தை அளக்கும் இடப்பக்க ரேடியோ உயரமானி பழுதாகி, ‘மைனஸ் 8 அடி’ என்று காட்டியது. உண்மையில் விமானம் இருந்ததோ சுமார் 1,950 அடியில். ஆட்டோ த்ராட்டில் அந்த இடப்பக்கக் கருவியைத்தான் நம்பும். தரையைத் தொட்டாயிற்று என்று எண்ணி விசையைக் கடைசிவரை குறைத்துவிட்டது. ஆட்டோபைலட்டோ வலப்பக்கக் கருவியைப் பார்த்து, இறங்குபாதையை விடாமல் பிடிக்க மூக்கை உயர்த்திக்கொண்டே போனது. விமானம் இறங்குபாதையை மேலிருந்து வந்து பிடித்ததால், அந்த நேரத்தில் விசை குறைந்திருப்பது விமானிகளுக்கு இயல்பாகவே பட்டது. 144 நாட் இருக்க வேண்டிய வேகம் 107-க்கு வந்தபோது ஸ்டிக் ஷேக்கர் அடித்தது. அப்போது உயரம் சுமார் 460 அடிதான். துணை விமானி விசைப்பிடிகளை முன்னால் தள்ளினார், கேப்டன் பொறுப்பை வாங்கிக்கொண்டார், அந்தக் கைமாறலுக்கு இடையே இன்னும் அணைக்கப்படாத ஆட்டோ த்ராட்டில் பிடிகளை மறுபடி பின்னால் இழுத்துவிட்டது. 135 பேரில் 9 பேர் இறந்தார்கள். காக்பிட்டில் இருந்த மூன்று விமானிகளும் அவர்களில் அடக்கம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2013 ஜூலை 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏசியானா நிறுவனத்தின் போயிங் 777 ஓடுபாதைக்கு முன்னுள்ள கடற்சுவரில் மோதியது. அங்கே ஆட்டோபைலட் அணைக்கப்பட்டிருந்தது, ஆட்டோ த்ராட்டில் அணைக்கப்படவில்லை. ஆனால் அது ‘ஹோல்ட்’ என்ற நிலைக்குப் போயிருந்தது. அந்த நிலையில் விசைப்பிடியை விமானி எங்கே வைத்தாரோ அங்கேயே விட்டுவிடும். வேகம் குறைந்தால் தானே விழித்துக்கொள்ளும் வசதி 777-இல் உண்டு, ஆனால் இந்த நிலையில் அது விழிக்காது. கருவி பார்த்துக்கொள்ளும் என்று விமானி நம்பினார். 137 நாட் இருக்க வேண்டிய இடத்தில் 103 வரை இறங்கியது. மூன்று பேர் இறந்தார்கள்.

அப்படியானால் பாதுகாப்பே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, கட்டளையைப் பொறுத்து இருக்கிறது. ‘நிமிடத்துக்கு இத்தனை அடி ஏறு’ என்று சொல்லி, அதற்கு விசை போதாமல் வேகம் குறைந்தால், நவீன விமானங்கள் பலவற்றில் ஆட்டோபைலட் அந்தக் கட்டளையைக் கைவிட்டு மூக்கைத் தாழ்த்திக்கொள்ளும். உயரத்தைப் பிடிக்கும்போதும் இறங்குபாதையைப் பிடிக்கும்போதும் அதே விமானம் அப்படி விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம். 2006-இல் அமெரிக்கா தன் 25.1329 என்ற விமான விதியைத் திருத்தி, ஆட்டோபைலட்டும் ஆட்டோ த்ராட்டிலும் பயன்பாட்டில் இருக்கும்போது வேகம் எல்லை மீறிப் போகாமலிருக்க வழி வேண்டும் என்றது. நல்ல விதிதான். ஆனால் விதி புதிதாக வந்தால் பழைய வடிவமைப்புகள் ஒரே இரவில் மாறிவிடுவதில்லை. ஸ்கிபோலில் விழுந்தது அந்த விதிக்கு முந்திய வடிவமைப்பு.

அண்ணனிடம் சொல்லுங்கள்: கணினி தவறு செய்யவில்லை, சொன்னதைச் செய்தது.

கேள்வி: ‘குறைந்த வேகம்’ என்பது எத்தனை? ஒரு எண்ணைக் கணினியில் போட்டு, அதற்குக் கீழே போனால் மணி அடி என்றால் முடிந்துவிடாதா?
– பணி ஓய்வுபெற்ற கணக்காளர்

பதில்: கணக்காளருக்கு ஒரு எண் கிடைத்தால் நிம்மதி என்பது புரிகிறது. இங்கே அப்படி ஓர் எண் கிடைக்காது. எரிபொருள் தீரத் தீர எடை குறைகிறது, குறைந்தபட்ச வேகமும் அதோடு குறைகிறது. இறக்கையின் விளிம்பில் இருக்கும் ஃபிளாப் என்ற மடிப்பை இறக்கினால் இன்னும் குறையும். விமானத்தை 60 டிகிரி சாய்த்து உயரம் மாறாமல் திருப்பினால் அதே வேகம் 41 சதவீதம் கூடிவிடும். இறக்கையில் பனி படிந்தால் கணக்கே மாறிவிடும்.

உண்மையில் இறக்கைக்கு வேகம் பற்றிக் கவலை இல்லை. காற்று எந்தக் கோணத்தில் தன்னைச் சந்திக்கிறது என்பதுதான் அதற்கு முக்கியம். அதற்குப் பெயர் தாக்குகோணம். அது 15 டிகிரியை ஒட்டிப் போனால் காற்று இறக்கையின் மேற்பரப்பைத் தழுவாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும், தூக்குவிசை சரிந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்பார்கள். அதனால்தான் விமானத்தின் மூக்கருகே பக்கவாட்டில் சின்னத் துடுப்பு ஒன்று இருக்கிறது. காற்று வரும் திசைக்குத் தன்னைத் திருப்பிக்கொண்டு அந்தக் கோணத்தை அளக்கும். நாங்கள் பரிசோதிக்கும்போது ஒருவர் ஏணியில் நின்று துடுப்பைக் கையால் திருப்புவார், இன்னொருவர் காக்பிட்டில் தண்டு உதறுகிறதா என்று பார்ப்பார். பனி கட்டாமலிருக்க அதற்கு மின்சூடு உண்டு. சூடு போட்டிருப்பதை மறந்து தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் வலது ஆட்காட்டி விரல் சாட்சி.

இந்தக் கோணத்தையும் எடையையும் ஃபிளாப்பையும் சேர்த்துக் கணக்கிட்டுத்தான் விமானியின் திரையில் வேகப் பட்டைக்குப் பக்கத்தில் மஞ்சள் கோட்டையும், அதற்குக் கீழே சிவப்பும் கறுப்பும் மாறி மாறி வரும் கோட்டையும் வரைகிறார்கள். அவை பறக்கப் பறக்க நகர்ந்துகொண்டே இருக்கும். மஞ்சளுக்குள் ஓரளவு இறங்கினால் பல போயிங் விமானங்களில் ‘வேகம் குறைவு’ என்று எச்சரிக்கை வரும். ஏர்பஸ் ஏ320-இல் தரையிறங்கும் கட்டத்தில் ‘ஸ்பீட், ஸ்பீட், ஸ்பீட்’ என்று ஒரு குரல் மூன்று முறை சொல்லும். 

கேள்வி: ஆபத்து வந்ததும் ஆட்டோபைலட் தானே அணைந்துகொள்ளுமாமே? இது நல்ல நேரத்தில் கூட இருந்துவிட்டுக் கெட்ட நேரத்தில் நழுவுகிற உறவினர் மாதிரி அல்லவா?
– கோபத்தோடு ஒரு வாசகர்

பதில்: உங்கள் கோபத்தில் பாதி நியாயம். எல்லா விமானங்களிலும் இல்லாவிட்டாலும், பலவற்றில் ஸ்டிக் ஷேக்கர் அடித்தவுடன் ஆட்டோபைலட் விலகிவிடும். இதற்குக் காரணம் உண்டு. மூக்கை உயர்த்திக்கொண்டே போகிற கருவியை அப்போதும் விட்டுவைத்தால் மேலும் உயர்த்தும். அதனிடமிருந்து தண்டைப் பிடுங்குவதுதான் முதல் உதவி.

நியாயமான மறுபாதி, அது விட்டுவிட்டுப் போகும் சொத்து. சிமுலேட்டரில் கடகடவென்று சுற்றிய டிரிம் சக்கரத்தை மறந்துவிடாதீர்கள். அது சுற்றும்போதெல்லாம் வால்பகுதியின் கிடைச்சிறகு, மூக்கு மேலே நிற்கும்படி திரும்பிக்கொண்டிருந்தது. ஆட்டோபைலட் போனாலும் வால் அப்படியே இருக்கும். போதாததற்கு, என்ஜின்கள் இறக்கைக்குக் கீழே தொங்குகிற விமானத்தில் முழு விசை கொடுத்தால் அதுவும் மூக்கை மேலே தள்ளும். 2007 செப்டம்பரில் இங்கிலாந்தின் போர்ன்மவுத்தில் ஒரு 737-300 தரையிறங்க வந்தபோது ஆட்டோ த்ராட்டில் அணைந்ததை யாரும் கவனிக்கவில்லை. தண்டு உதறியதும் கேப்டன் முழு விசை கொடுத்தார். மூக்கு 44 டிகிரி வரை ஏறியது, வேகம் 82 நாட்டுக்கு விழுந்தது. தண்டை முழுவதும் முன்னால் தள்ளியும் மூக்கு இறங்கவில்லை. கடைசியில் விமானத்தை மீட்டுவிட்டார்கள், யாருக்கும் காயம் இல்லை. அந்த அறிக்கையைப் படித்த அன்று இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

2009 பிப்ரவரி 12 அன்று அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே அப்படி நல்லபடியாக முடியவில்லை. அது க்யூ400 என்ற, ஆட்டோ த்ராட்டில் இல்லாத விமானம். ஆட்டோபைலட் 2,300 அடியைப் பிடித்துக்கொண்டிருந்தது. சக்கரங்கள் இறங்கின, விசை குறைவாக இருந்தது, வேகத்தை யாரும் பிடிக்கவில்லை. பனியில் பறக்கும்போது எச்சரிக்கை வேகத்தைக் கூட்டிவைக்கும் பொத்தானைப் போட்டிருந்ததால் எச்சரிக்கை சற்று முன்கூட்டியே, 131 நாட்டில் வந்தது. உண்மையில் ஸ்டாலுக்கு இன்னும் இடைவெளி இருந்தது. தண்டு உதறியது, ஆட்டோபைலட் விலகியது, கேப்டன் திடுக்கிட்டுத் தண்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். தண்டைத் தானே முன்னால் தள்ளும் ஸ்டிக் புஷர் என்ற கருவி அதில் உண்டு. அது தள்ளியது, அவர் அதையும் எதிர்த்து இழுத்தார். விமானத்தில் 49 பேர், கீழே வீட்டில் ஒருவர், ஐம்பது உயிர்.

இப்போது சில சிறு விமானங்களில் வரும் புதிய ஆட்டோபைலட்டுகள் இந்த உறவினரைவிட மேல். வேகம் குறைந்தால் எச்சரிக்கும், மேலும் குறைந்தால் அணைந்துகொள்ளாமல், உயரத்தை விட்டுக்கொடுத்து மூக்கைத் தாழ்த்தும். முறை என்றால் இதுதான் முறை என்பது என் கட்சி. நாலு பேர் ஏறும் சின்ன விமானத்தில் இருப்பது, இருநூறு பேர் ஏறும் பல பழைய விமானங்களில் இல்லை என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: ஏர்பஸ் விமானத்தை எவ்வளவு இழுத்தாலும் ஸ்டால் ஆகாது என்கிறார்களே, உண்மையா?
– பள்ளி ஆசிரியர்

பதில்: எல்லாம் ஒழுங்காக இயங்கும்வரை உண்மை. 1988-இல் சேவைக்கு வந்த ஏ320-இல் விமானி பிடிக்கும் கட்டைக்கும் வாலுக்கும் நடுவே கணினி உட்கார்ந்திருக்கிறது. தாக்குகோணம் ஓர் எல்லையைத் தாண்டினால் ஆட்டோபைலட் விலகும். விமானி கட்டையை முழுவதும் இழுத்துப் பிடித்தாலும் கணினி ஸ்டாலுக்கு முன்பே கோணத்தை நிறுத்திவிடும். நடுவில் ‘ஆல்ஃபா ஃப்ளோர்’ என்று ஒன்று: விசைப்பிடி எங்கே இருந்தாலும் என்ஜினுக்கு முழு விசை போய்விடும். தரையிறங்கும்போது 100 அடிக்குக் கீழே மட்டும் அது வராது. வந்தால் தரையிறங்கவே முடியாதே.

ஆனால் இத்தனையும் அந்தச் சின்னத் துடுப்பு சொல்வதை நம்பித்தான். 2008 நவம்பர் 27 அன்று பிரான்சின் பெர்பிஞ்யானில் ஓர் ஏ320 சோதனைப் பறப்புக்குப் போனது. சில நாள் முன்புதான் வண்ணம் பூசியிருந்தார்கள். தூசி போக விமானத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது துடுப்புகளுக்கு மூடி போடவில்லை. மொத்தம் மூன்று துடுப்புகள். இரண்டின் உள்ளே நீர் புகுந்து, மேலே போனதும் உறைந்து, இரண்டும் ஒரே கோணத்தில் அசையாமல் நின்றன. மூன்றாவது சரியாக இயங்கியது. மூன்று சாட்சிகளில் இருவர் ஒரே பொய்யைச் சொன்னால் நீதிபதி என்ன செய்வார்? கணினியும் அதையே செய்தது. உண்மை சொன்ன மூன்றாவதை ஒதுக்கிவிட்டது.

பிறகு விமானிகள், தாழ்ந்த உயரத்தில், குறைந்த வேகப் பாதுகாப்பு வேலை செய்கிறதா என்று சோதிக்க வேகத்தைக் குறைத்துக்கொண்டே போனார்கள். பாதுகாப்பு வரும் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. ஸ்டால் எச்சரிக்கை வந்தது, முழு விசை கொடுத்தார்கள், மூக்கு மேலே நிற்கும்படி திரும்பி நின்றுபோன வாலும் கீழே தொங்கிய என்ஜின்களும் சேர்ந்து மூக்கைத் தூக்கின. ஏழு பேரும் மத்தியதரைக் கடலில் இறந்தார்கள். கழுவுகிறவர்கள் துடுப்புக்கு மூடி போட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கள் கூடத்தில் அந்த மூடிகளை எண்ணி எடுத்து, எண்ணித் திருப்பிக் கொடுக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சலித்துக்கொண்ட இளைஞர்களுக்கு நான் இந்த ஒன்றைத்தான் சொல்வேன்.

கேள்வி: ‘ஸ்டால்’ என்பதை ‘விமானம் நின்றுபோதல்’ என்று ஒரு நூலில் பார்த்தேன். சரியா?
– மொழிபெயர்ப்பாளர்

பதில்: வேண்டாம். என்ஜின் நின்றுவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். என்ஜின் முழு விசையில் உறுமிக்கொண்டிருக்கும்போதே ஸ்டால் வரும். ‘தூக்கிழப்பு’ என்று எழுதிப் பாருங்கள், இல்லாவிட்டால் என்னைப்போல ஸ்டால் என்றே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஜன்னலோர இருக்கையில் இருந்தபடி வேகம் குறைகிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா? எனக்கு விமானப் பயணம் என்றாலே பயம்.
– பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: முடியாது, முயலவும் வேண்டாம். இறங்கும்போது என்ஜின் சத்தம் அடங்குவதும், மூக்கு சற்றே மேலே இருப்பதும், ஃபிளாப் இறங்கியதும் விமானம் லேசாக அதிர்வதும் எல்லாம் இயல்பு. ஏதாவது பார்த்தே ஆக வேண்டும் என்றால், ஏறும்போது வாசலில் ஒரு நொடி நின்று மூக்குப் பக்கம் எட்டிப் பாருங்கள். அந்தச் சின்னத் துடுப்பும், அதன் அருகே வேகத்தை அளக்க உதவும் வளைந்த பிடோ குழாயும் சில விமானங்களில் கண்ணில் படும். மூடி ஏதும் போட்டிருந்தால் சிவப்பு நாடா தொங்கும். நான் பயணியாகப் போகும்போதெல்லாம் அங்கே நின்றுதான் பார்க்கிறேன். பின்னால் வரிசை முணுமுணுக்கும். இன்றுவரை ஒருமுறைகூட சிவப்பு நாடாவைப் பார்த்ததில்லை.